மறு: "கோட்பாட்டு மாதிரி" என்ற சொல் வேண்டாம்

வணக்கம்.

பண்புசார் ஆய்வுமுறை (எண்களைவிட மக்களின் பேச்சையும் அனுபவத்தையும் அலசும் ஆய்வு) பற்றிய சொற்பட்டியலில், அலசல் காட்டும் வழியில் அடுத்த தரவைத் தேடும் முறையான "தியரெட்டிக்கல் சாம்ப்ளிங்" என்பதற்குக் "கோட்பாட்டு மாதிரி" என்று போட்டிருக்கிறது. இதை மாற்ற வேண்டும்.

தமிழில் மாதிரி ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. சாம்பிளும் மாதிரி, மாடலும் மாதிரி. "கோட்பாட்டு மாதிரி" என்று படிக்கும் மாணவர் கட்டமும் அம்புக்குறியும் போட்ட வரைபடத்தைத்தான் நினைப்பார். யாரைப் பேட்டி எடுப்பது என்பதற்கான முறை இது என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது.

அதைவிடப் பெரிய சிக்கல் உள்ளே இருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் மாதிரி என்ற சொல்லில் ஊறிக் கிடக்கும் நினைப்பு. பானை முன்பே இருக்கிறது, சோறு சீராக வெந்திருக்கிறது, கையில் எடுத்த பருக்கை மற்றதற்கெல்லாம் சாட்சி. 1967-ல் சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் விளக்கிய இந்த முறை இதற்கு நேர்மாறானது. தரவைத் திரட்டுவது, குறியிடுவது (தரவின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளைச் சுட்டும் பெயர் வைப்பது), அலசுவது மூன்றும் கூடவே நடக்கும். அடுத்து எந்தத் தரவு வேண்டும், அது எங்கே கிடைக்கும் என்பதை அந்த அலசல்தான் சொல்லும். பானை எது என்பதே பாதி வழியில்தான் தெரியவரும்.

மருத்துவமனைகளில் இறந்துகொண்டிருப்பவர்களைப் பற்றிய ஆய்வில் இந்த இருவரும் பிரிவு பிரிவாக நகர்ந்த வரிசையைப் பாருங்கள். முதலில் குறைமாதக் குழந்தைகள் பிரிவு, நினைவிழந்தவர்கள் நிறைந்த நரம்பு அறுவைப் பிரிவு. தன் நிலை நோயாளிக்குத் தெரிய வாய்ப்பு மிகக் குறைவான இடங்கள் இவை. அடுத்து தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே சாவு எதிர்பார்த்தது, விரைவாக வருவது. பிறகு புற்றுநோய்ப் பிரிவு; எதிர்பார்த்ததுதான், ஆனால் மெல்ல வருவது. பிறகு அவசர சிகிச்சை, எதிர்பாராதது, விரைவானது. எந்தப் பிரிவும் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகச் சேர்க்கப்படவில்லை. நோயாளிக்குத் தெரியுமா, ஊழியர் எதிர்பார்க்கிறார்களா, சாவு விரைவா மெல்லவா என்ற கேள்விகளில் காலியாக இருந்த ஒரு மூலையை நிரப்பத்தான் ஒவ்வொன்றுக்கும் போனார்கள்.

என் பரிந்துரை: கோட்பாட்டுவழித் தெரிவு.

* * *

ஐயா, மாதிரியைக் கைவிடலாம் என்பதில் உடன்பாடே. "ரேண்டம் சாம்ப்ளிங்" என்பதற்கு எங்களுக்கு இலங்கையில் "எழுமாற்று மாதிரி" பழக்கம், உங்களுக்குச் "சமவாய்ப்புக் கூறெடுத்தல்". கூறெடுத்தலிலும் இதே குறைதான். முழுமை ஒன்று இருந்தால்தானே அதில் கூறு எடுக்கலாம்? தெரிவு இரண்டு கரைக்கும் பொதுவாக நிற்கும். "தேர்வு" என்று மாற்றிவிடாதீர்கள், பரீட்சை நினைவு வந்துவிடும்.

ஆனால் "கோட்பாட்டுவழி" என்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஏற்கெனவே நிலைபெற்ற ஒரு கோட்பாட்டின் எண்ணக்கருக்களை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பொருந்துகிறவர்களைத் தேடிப் போவது வேறொரு முறை. உங்கள் சொல் அதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. இங்கே கோட்பாடு இன்னும் பிறக்கவில்லை.

இன்னொன்று. பட்டியலில் உள்ள விளக்கம் "பங்கேற்பாளரைத் தெரிவு செய்தல்" என்று நிற்கிறது. ஆள் மட்டுமல்ல, இடம், நேரம், பதிவேடு, நிகழ்ச்சி எல்லாமே தெரிவுக்கு உரியவை. முதல் மாதம் எடுத்த பேட்டியை எட்டாம் மாதம் புதுக் கேள்வியோடு திரும்பத் திறப்பதும் இதில் சேரும். கண்டிப்பாகத் திருத்துங்கள்.

* * *

> இங்கே கோட்பாடு இன்னும் பிறக்கவில்லை.

இந்த வரியே சொல்லைக் கொடுத்துவிடுகிறது, அம்மா. முக்காலத்தையும் சுருட்டி வைத்துக்கொள்ளும் தொகை ஒன்று நம்மிடம் இருக்கிறதே, வினைத்தொகை! ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். வளர்பிறை போல வளர்கோட்பாடு. நேற்றுவரை வளர்ந்தது, இன்று வளர்வது, அடுத்த பேட்டிக்குப் பின் வளரப்போவது. ஆகவே "வளர்கோட்பாட்டுத் தெரிவு". (வினைத்தொகையில் ஒற்று மிகாது. மெய்ப்புப் பார்ப்பவர் யாராவது "வளர்க்கோட்பாடு" என்று திருத்திவைப்பார், எச்சரிக்கை.)

சொல் தாங்குமா என்று ஒரு கற்பனை ஆய்வில் ஓட்டிப் பார்ப்போம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் இடையில் ஏன் குறைக்கிறார்கள்? தொடக்கத்தில் கையில் கோட்பாடு இல்லை. ஓராண்டுக்கு மேல் மாத்திரை எடுப்பவர், ஒருமுறையாவது தானாகக் குறைத்தவர் என்று முதல் ஐந்தாறு பேரை, முன்பே வகுத்த தகுதிப்படி ஆளெடுக்கும் நோக்கத் தெரிவில்தான் பிடிக்க வேண்டும். அந்த ஐந்தாறு பேரையும் வளர்கோட்பாட்டுத் தெரிவு என்று எழுதிவிடுவதுதான் ஆய்வேடுகளில் அதிகம் நடக்கும் பிழை. அந்தக் கட்டத்தில் வளர்வதற்கு என்ன இருக்கிறது?

இந்தப் பேட்டிகளைக் குறியிடும்போது "மிச்சம் பிடித்தல்" என்றொரு வகைமை (ஒத்த குறிகளைச் சேர்த்துப் பிடிக்கும் கருத்து) தலைகாட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கி அட்டையை இழுத்துப் பிடிக்கிறார்கள். காசுக்காகவா? அப்படியானால் இலவசமாகப் பெறுகிறவரிடம் இது இருக்கக் கூடாது. ஆக அடுத்த மூன்று பேரை, 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்களிடையே தேட வேண்டும். அவர்களும் மிச்சம் பிடித்தால் காசு என்ற விளக்கம் ஆட்டம் காண்கிறது. அடுத்த முறை வராமல் போய்விடுமோ என்ற பயமாக இருக்கலாம், மாத்திரை அதிகமானால் உடம்புக்குக் கெடுதல் என்ற கணக்காகவும் இருக்கலாம். பயம் என்றால் மாத்திரை தாமதமாக வந்த வீடுகளையும் ஒழுங்காக வந்த வீடுகளையும் ஒப்பிட வேண்டும். கெடுதல் என்றால் இன்சுலின் ஊசிக்கு மாறியவர்களிடம் போக வேண்டும். பாதி உடைத்த அட்டையும் தரவுதான். எத்தனை குழி காலி என்பது பேட்டியில் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் குறிப்பேட்டில் நான்கு விவரம் எழுத வேண்டும். எந்த வகைமை, அதில் எந்தப் பண்பு தெளிவில்லை, அதை யாரிடம் அல்லது எதில் பார்க்கலாம், என்ன கிடைத்தால் என் ஊகம் உடையும். நான்காவதை விட்டுவிட்டால், நம் கருத்துக்குத் தலையாட்டுகிறவர்களாகத் தேடிச் சேர்ப்பதில் போய் முடியும்.

* * *

வளர்கோட்பாட்டுத் தெரிவுக்கு என் வாக்கு. ஆனால் மேலே சொன்ன முறையைக் கெடுப்பது பெரும்பாலும் நாட்காட்டிதான். இருபது பேட்டியை இரண்டே வாரத்தில் ஒலிப்பதிவு செய்துவிட்டு, எழுத்தாக்கத்தை வெளியே கொடுத்து, இரண்டு மாதம் கழித்துக் குறியிட உட்கார்ந்தால் அங்கே தெரிவு செய்ய எதுவும் மிச்சமில்லை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கவே நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். அதனால் ஒரு சுற்றுக்கு மூன்று பேட்டி, பிறகு குறைந்தது ஒரு வாரம் களத்துக்குப் போகாமல் குறியிடல் என்று திட்டமிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஒருவர் கைகாட்டி அடுத்தவரைப் பிடிக்கும் முறையையும் இதோடு குழப்புகிறார்கள். (அதற்குப் "பனிப்பந்து" வேண்டாமே! சங்கிலித் தெரிவு என்றால் எல்லாருக்கும் புரியும்.) சங்கிலி நம்மை ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே வாட்ஸ்அப் குழுவுக்குள் சுற்ற வைக்கும். அடுத்தவர் யார் என்பதை அங்கே முடிவு செய்வது பேட்டி கொடுத்தவரின் அறிமுக வட்டம். வகைமைக்கு அதில் பங்கே இல்லை.

இனித் தரவு போதும் என்ற நிலையைக் குறிக்கும் பக்கத்துச் சொல்லான "சாச்சுரேஷ"னையும் இப்போதே முடித்துவிடலாம். பள்ளி வேதியியலில் தெவிட்டிய கரைசல் உண்டு என்பதற்காகத் "தெவிட்டல்" போடக் கூடாது. தெவிட்டுவது தின்கிறவனுக்கு. அதே பதிலைக் கேட்டுக் கேட்டு ஆய்வாளருக்குச் சலிப்பு வந்தால் அது தெவிட்டல்தான், ஆனால் நிறுத்துவதற்கு அது காரணமாகாது. வகைமையின் பண்புகளும் மற்ற வகைமைகளோடு அதற்குள்ள உறவும் விளங்கி, புதுத் தரவு அவற்றில் எதையும் கூட்டாதபோதுதான் நிறுத்த வேண்டும். "வகைமை நிறைவு" போதும்.

12 பேட்டியில் நிறைவு வந்துவிடும் என்று பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2006-ல் வெளிவந்த அந்த ஆய்வு, கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 பேட்டிகளைத் திரும்ப அலசியது. ஓரளவு ஒரே தன்மையுள்ளவர்களை நோக்கத் தெரிவில் எடுத்து, ஒரே கேள்விகளைக் கேட்டு, புதுக் குறிகள் எப்போது ஓய்கின்றன என்று எண்ணினார்கள். கேள்வியும் ஆளும் சுற்றுக்குச் சுற்று மாறுகிற நம் முறைக்கு அந்த 12-ஐத் தூக்கி வந்தால் பொருந்தாது.

* * *

இரண்டு தடைகள். ஒன்று, நீளம். பத்திக்கு நான்கு முறை "வளர்கோட்பாட்டுத் தெரிவு" என்று எழுதினால் மூச்சு முட்டும். முதல் முறை முழுச் சொல், பிறகு "வளர்தெரிவு" என்று குறுக்கிக்கொள்ளலாமா? இலக்கணப்படி பொருள் சற்று நகர்ந்துவிடுகிறது என்பது தெரிந்தே கேட்கிறேன்.

இரண்டு, நெறிமுறைக் குழு. யார், எத்தனை பேர், என்ன கேள்வி என்று முன்கூட்டியே கேட்பார்கள். "வளர்கோட்பாடு" என்று பார்த்ததும் திட்டமில்லாத ஆய்வு என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிடக்கூடும். எண்ணிக்கையை 20 முதல் 30 வரை என்று வரம்பாகக் கொடுத்து, போக வாய்ப்புள்ள இட வகைகளையும், கேள்விகள் எந்த எல்லைக்குள் மாறும் என்பதையும் எழுதிவிட வேண்டும். அதைத் தாண்டினால் திருத்த விண்ணப்பம் கொடுத்து, ஒப்புதல் வந்த பிறகே அடுத்தவரிடம் போக வேண்டும்.

* * *

குறுக்கம் ஆய்வேட்டுக்குள் இருக்கட்டும், ஐயா. பட்டியலில் முழுச் சொல்லே நிற்கட்டும். மறுப்பு வராவிட்டால் பதிவு இப்படி ஏறும்:

வளர்கோட்பாட்டுத் தெரிவு (பெ.) – உருவாகிவரும் கோட்பாட்டின் வகைமைகளில் தெளிவில்லாத பண்புகளை அறிய, அடுத்து யாரிடம், எங்கே, எந்த ஆவணத்தில் தரவு தேடுவது என்பதை அதுவரை செய்த அலசலைக் கொண்டு முடிவு செய்தல். முதல் சுற்றுப் பேட்டிகளுக்கு இச்சொல் பொருந்தாது. எ-டு: "ஆறாம் பேட்டிக்குப் பின், மாத்திரையை இலவசமாகப் பெறுவோரை வளர்கோட்பாட்டுத் தெரிவில் சேர்த்தோம்."