புதுப்பிப்பு: சிங்கப்பூரில் கப்பலுக்கு முந்தின இரவு எங்கே தங்கினோம்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: கப்பல் ஏறுவதற்கு முந்தின இரவு ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் அறை எடுக்கலாமா, லிட்டில் இந்தியாவா என்று. போய்விட்டு வந்தாச்சு.

முதலில், "டிக்கெட்டில் எந்த முனையம்னு பாருங்க" என்று அதட்டிய நண்பருக்கு ஒரு கும்பிடு. சிங்கப்பூரில் பயணக் கப்பல் முனையம் இரண்டு. ஒன்று ஹார்பர்ஃபிரண்டில், விவோசிட்டி வணிக வளாகத்தை ஒட்டி. இன்னொன்று 2012இல் திறந்த மரினா பே முனையம். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் இங்கேதான். எங்களுடையதும் அதுதான்! நல்லவேளை, ஹார்பர்ஃபிரண்டில் போட்டிருந்த அறையைப் பணம் போகாமல் ரத்து செய்ய முடிந்தது.

லிட்டில் இந்தியாவிலேயே தங்கினோம். அறை தீப்பெட்டி அளவு. பெட்டியைத் திறக்க ஒருவர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். ஆனால் காலையில் தேக்கா சந்தையில் தோசை கிடைத்தது, அப்பாவுக்கு அது போதும். ரயிலில் போவதானால் தோபி காட் நிலையத்தில் சிவப்புத் தடத்துக்கு மாறினால் நான்காவது நிறுத்தம் மரினா சவுத் பியர். அங்கிருந்து முனையத்துக்கு நடை. நாலு பெட்டி, அப்பாவின் முழங்கால் வலி... பேசாமல் டாக்சி பிடித்துவிட்டோம்.