ஓடையில் கல்லைக் கவ்விக்கொண்டு நெளிகிறதே, இது என்ன மீன்?

மதி:
இங்கிலாந்தில் நியூ ஃபாரஸ்ட் பக்கம் இருக்கிறோம். இந்த ஏப்ரலில் வீட்டருகே ஓடும் சின்ன ஓடையில், பென்சில் தடிமனில், சாணுக்குச் சற்றுக் குறைவாக ஏழெட்டு உயிர்கள் ஒரே இடத்தில் நெளிந்தன. விலாங்குக் குஞ்சு என்று கிட்டப் போனால், வாயால் கல்லைக் கவ்விக்கொண்டு வாலை உதறுகின்றன. கண்ணுக்குப் பின்னால் வரிசையாக ஏழு ஓட்டைகள். குழந்தைகள் அங்கேதான் காலை நனைப்பார்கள். அட்டை போல ரத்தம் குடிக்குமா?

கயல்:
கடிக்காது, பயப்படாதீர்கள். அது புரூக் லாம்ப்ரே. தாடையே இல்லாத மீன். செதில் இல்லை, முள் இல்லை, உள்ளே வெறும் குருத்தெலும்புதான். அந்த ஏழு ஓட்டைகள் செவுள் வாய்கள். வாய் கல்லில் ஒட்டியிருக்கும்போது அவற்றின் வழியாகவே தண்ணீரை இழுத்து வெளியே விடும்.

நீங்கள் பார்த்தது முட்டையிடும் கூட்டம். தண்ணீர் 10, 11 டிகிரிக்கு வந்ததும் கூடிவிடும். ஒவ்வொரு கல்லாக வாயால் கவ்வி நகர்த்திப் பள்ளம் பறிக்கும். முட்டை பிசுபிசுப்பானது, மணல் ஒட்டிக்கொண்டு அடியிலேயே தங்கிவிடும். வளர்ந்த மீனின் உடம்பில் குடல் சுருங்கிப் போயிருக்கும், அதன்பின் ஒரு வாய் கூடச் சாப்பிடுவதில்லை. முட்டையிட்டதும் செத்துப்போகும்.

செந்தில்:
கனடா, அமெரிக்கா பெரிய ஏரிகளில் மீன்களை உறிஞ்சிக் கொன்றது இதுதானே?

கயல்:
இல்லை செந்தில், அது கடல் லாம்ப்ரே. கால்வாய் வழியாக 1921-இல் ஈரி ஏரிக்குள் வந்து, ட்ரௌட் மீன்களை ஒழித்துக்கட்டியது. அதைக் கட்டுப்படுத்த ஓடைகளில் மருந்து விடுவதும் வண்டலில் இருக்கும் குஞ்சுகளைக் குறிவைத்துத்தான். ஒட்டுண்ணிப் பழக்கமே இல்லாத இந்தச் சின்ன மீனையும் அதே பெயரால் வெறுக்கிறார்கள், எனக்கு அது பொறுக்காது.

மதி, இதன் வாழ்க்கையில் பெரும்பகுதி வண்டலில்தான். குஞ்சுக்குக் கண் வெளியே தெரியாது, பல் கிடையாது. மேலுதடு மட்டும் குல்லா போலக் கவிந்திருக்கும். கரையோரம் நீரோட்டம் மந்தமான இடத்தில் புதைந்து, பாசித் துகளை வடிகட்டித் தின்று நாலைந்து வருஷம் கழிக்கும். கோடை முடிவில்தான் கண் திறந்து உருமாறும். நான் தன்னார்வலராக ஓடைக் கணக்கெடுப்புக்குப் போகும்போது வண்டலை வெள்ளைத் தட்டில் பரப்பினால், மண்புழுவென்று நினைத்தது சட்டென்று துள்ளி மண்ணுக்குள் போக முயலும்.

மதி:
அப்படியா! பக்கத்து வீட்டுக்காரர் கரையோரச் சேற்றை வாரப் போகிறேன் என்கிறாரே?

கயல்:
தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். நாலைந்து வருஷத்துக் குஞ்சுகள் ஒரே நாளில் போய்விடும். அடைப்பை எடுக்கவே வேண்டுமென்றால் நடுவில் மட்டும் எடுக்கட்டும், கரைச் சேற்றை அப்படியே விடட்டும். குழந்தைகள் மே கடைசி வரை அந்தச் சரளைத் திட்டை விட்டுத் தள்ளி விளையாடினால் போதும்.

மதி:
சரி, நாளைக்கே அவரிடம் பேசுகிறேன்.