புதுக் கூரைச் சீட் போட்ட பிறகும் சீலிங் ஒழுகிய கதை, உங்களுக்கும் உண்டா?

தெஹிவளை வாசி:

இதை எங்காவது இறக்கி வைத்தால்தான் நித்திரை வரும் போலிருக்கிறது. அம்மாவின் வீடு தெஹிவளையில், ரயில் பாதையிலிருந்து இரண்டாவது ஒழுங்கை. சித்திரை வருடப்பிறப்புக்கு முன் பழைய அஸ்பெஸ்டாஸ் சீட்டைக் கழற்றிப் புதுசு போட்டோம். கூரை வேலைக்கு வந்த பாஸ் சொன்ன நாளில் முடித்தார். ஊருக்குப் போகும் அவசரம் எல்லோருக்கும்.

கடைசி நாள் பின்னேரம் பாஸ் முற்றத்தில் இருந்து கணக்குப் பார்க்கிறார். கைவேலைக்கு வந்த ஹட்டன் பக்கத்துப் பெடியன் ஒருவன் ஏணியைப் பிடித்தபடி என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, இங்க காத்து கடல் பக்கமிருந்துதானே வரும்?" நான், "ஓமோம், பின்னேரத்தில நல்லாக் காத்து வரும்" என்றேன். வீட்டைப் புகழ்கிறான் என்று நினைத்தேன்! மிச்சக் காசையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

மே மாதம் மழை தொடங்கி மூன்றாம் இரவு முன் அறைச் சீலிங்கில் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு வட்டம். விடிய எழும்பிப் பார்த்தால் அப்பாவின் படத்துக் கண்ணாடிக்கு உள்பக்கமாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சட்டைக் கொலர்வரை மை கரைந்துவிட்டது, முகம் தப்பியது. அந்தப் படத்துக்கு வேறு பிரதி இல்லை.

பாஸுக்கு அடித்தேன். "அவ்வ ஆவம ஹரி" என்றார். வெயில் வந்தால் சரியாம். பிறகு நானே பக்கத்து வீட்டு மாடியில் ஏறிப் பார்த்தேன். ஒரு சீட்டின் மேல் அடுத்த சீட் ஏறும் விளிம்பெல்லாம் கடலைப் பார்த்து வாய் பிளந்து கிடக்கிறது. கடலுக்கு எதிர்ப்பக்கமிருந்து அடுக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டியதை, ஏணி வைக்க வசதி என்று கடல் பக்கமிருந்து தொடங்கியிருக்கிறார்கள். தென்மேல் பருவக் காற்று மழையை நேரே அதற்குள் ஊதுகிறது. பெடியன் சொல்ல வந்தது அப்போதுதான் விளங்கியது. பாஸ் பக்கத்தில் இருக்கும்போது அவனும் வேறு எப்படிச் சொல்லுவான்?

கொட்டாஞ்சேனை ராஜி:

ஐயோ, அந்தப் படம்.

எங்கள் கதையில் காற்றும் இல்லை, கடலும் இல்லை. இரண்டு கூரை சேரும் இடத்தில் உள்பீலி ஒன்று உண்டு, அதை மாற்றினார்கள். அடுத்த மாதமே மகளின் அறையில் ஜிப்சம் சீலிங் வயிறு வைத்த மாதிரித் தொங்கத் தொடங்கியது. அவளுக்கு ஓ.எல். பரீட்சைக் காலம், கட்டில் முழுக்கப் புத்தகம். அவர் வேலையால் வரட்டும் என்று இருந்திருக்கலாம். எனக்குப் பொறுமை இல்லை, தும்புத்தடியின் கட்டையால் ஒரு குத்து. சத்தியமாக அரை நிமிடம் குளித்தேன். தண்ணீர், எலிப்புழுக்கை, மரத்தூள் எல்லாம் தலையில். மகள் விஞ்ஞானக் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவு நிலையில் நின்று சிரிக்கிறாள்.

பிறகு ஆள் ஏற்றிப் பார்த்தால் பீலி வாயில் சுருட்டி அடைத்தபடி, சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் லன்ச் சீட் ஐந்து. வேலை செய்தவர்கள் மேலேயே சாப்பிட்டுவிட்டு அங்கேயே போட்டிருக்கிறார்கள். ஒன்றில் காய்ந்த பருப்பு இன்னும் ஒட்டியிருந்தது. 2017இல் லன்ச் சீட்டைத் தடை செய்தார்களே, அது எங்கள் கூரைக்கு மட்டும் தெரியாது போல.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:

தெஹிவளைத் தம்பி கோபிக்கக் கூடாது. காற்றைக் குறை சொல்வது லேசு. விளிம்பு எந்தப் பக்கம் பார்த்தாலும் கூரைக்குப் போதிய சரிவு இருந்தால் தண்ணீர் நின்று யோசிக்காது, ஓடிவிடும். சரிவை அளந்தீர்களா? மேல் சீட் கீழ்ச் சீட்டின் மேல் 6 அங்குலமாவது ஏறியிருக்கிறதா? போல்ட் மேட்டில் போட்டார்களா, பள்ளத்திலா? பள்ளத்தில் ஓட்டை போட்டால் தண்ணீர் ஓடும் வழியிலேயே வாசல் வைத்த மாதிரி. வாசரை இறுக்கோ இறுக்கென்று இறுக்கினால் சீட் மயிர் அளவுக்கு வெடிக்கும், ஒரு மழையில் தெரியாது, மூன்றாவது மழையில் தெரியும்.

இன்னொன்று. கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடாதீர்கள். தண்ணீர் சலாகை வழியே எட்டு அடி நடந்துபோய் விழும். வெயில் நாளில் ஒருவர் ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கூரையின் கீழிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும், ஒருவர் உள்ளே டோர்ச்சுடன் இருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனையும், ஒன்றும் பிடிபடாது. சீட்டை மறுபடி கழற்றுவதென்றால் உடைக்காமல் கழற்றுங்கள், முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். நீல அஸ்பெஸ்டாஸை 1987இல் தடுத்தார்கள் என்பதற்காக மற்ற அஸ்பெஸ்டாஸின் தூசு நல்லது என்று ஆகாது.

ராஜி பிள்ளை செய்தது முழுப் பிழை. குத்த வேண்டும் என்பது சரி, ஆனால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, கீழே வாளி வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் சின்ன ஓட்டை. லைட் வயர் அந்த வயிற்றுக்குள்தான் போகும். பெயின்ட் அவசரமாக அடிக்க வேண்டாம். நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய்க் கலவை உள்ள கறை மறைக்கும் பூச்சு ஒன்று, அதற்கு மேல்தான் எமல்ஷன். இல்லாவிட்டால் மஞ்சள் திரும்பி வரும்.

என் வீட்டிலும் ஒருமுறை ஒழுகியது. நான் போட்ட கூரைதான்.

கொட்டாஞ்சேனை ராஜி:

மாமா, கடைசி வரியை முதலில் எழுதியிருக்கலாம். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் குத்தினேன். எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் மாடி:

நான் வெள்ளவத்தையில் தொடர்மாடி, கடைசித் தட்டு. மொட்டைமாடிக்கு வாட்டர் புரூஃபிங் போட்டு ஒரு கிழமைகூட ஆகவில்லை, புதுத் தண்ணீர்த் தாங்கிக்கு இரும்புக் கால் பொருத்துகிறோம் என்று அதே பூச்சைத் துளைத்து நான்கு போல்ட் இறக்கிவிட்டார்கள். ஒக்டோபர் இடிமழை வந்ததும் என் ஹோல் சீலிங்கில் கறை. பூச்சுக்காரன் தாங்கிக்காரனைக் காட்டுகிறான், தாங்கிக்காரன் பூச்சுக்காரனைக் காட்டுகிறான். நிர்வாகக் குழுத் தலைவர் நேரில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பிளேன்ரீ வாங்கிக் குடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, "இலங்கைத் தேசப்படம் மாதிரி இருக்கே" என்று ரசித்தார்! உண்மைதான், அப்படித்தான் இருந்தது. நவம்பர் முடியும்போது யாழ்ப்பாணம் ஃபேன் கொளுக்கியைத் தொட்டுவிட்டது.

"உங்கட சீலிங், நீங்கள்தானே பார்க்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் சீரணிக்கவில்லை. 1973இல் வந்த தொடர்மாடிச் சட்டப்படி கூரை எல்லோருக்கும் பொதுவானது, பராமரிப்பது வீட்டுச் சொந்தக்காரர் எல்லோரும் சேர்ந்த முகாமைக் கூட்டுத்தாபனத்தின் வேலை. இதைக் கடிதமாக எழுதி, போல்ட் தலைகளைச் சுற்றித் தேங்கிய தண்ணீரின் படத்தையும் ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு கிழமையில் ஆள் வந்தது. சீலிங்குக்கு மட்டும் என் காசு.

மேற்பார்வையாளர் ஐயா, எங்களுடையது தட்டையான கூரை. இதில் எந்தச் சரிவை அளப்பது?

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:

தட்டைக்கும் 100க்கு 1 சரிவு வேண்டும் தம்பி. தண்ணீர் தேங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மருதானை நானா:

சண்டையை விடுங்கள். தெஹிவளைக்காரர், ரசீது ஏதாவது கையில் இருக்கிறதா? வேலை முடிந்து 3 மாதத்துக்குள் நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுக்கலாம், 1977 என்ற நம்பருக்கு அடித்தால் வழி சொல்வார்கள். எனக்கு ரசீது இல்லை, மத்தியஸ்த சபைக்குப் போனேன். என் பாஸ் இரண்டு தவணை வரவில்லை. மூன்றாம் தவணைக்கு மனுசியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் வாயே திறக்கவில்லை.

தெஹிவளை வாசி:

ரசீது இருக்கிறது நானா, ஆனால் அதில் 'கூரை வேலை' என்று இரண்டே சொல்தான். இன்னும் நாள் இருக்கிறது, கொடுக்கப் போகிறேன்.

மேற்பார்வையாளர் ஐயா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை ஹோஸ் பைப் பிடித்துப் பார்த்தோம். கீழிருந்து மேலே, மச்சான் உள்ளே டோர்ச்சுடன். கூரை மேல் சும்மா ஓட விட்டபோது சொட்டுகூட இல்லை. கடல் பக்கமிருந்து விளிம்புக்கு நேரே பீச்சினோம், மச்சான் உள்ளிருந்து கத்தினான். போல்ட் எல்லாம் மேட்டில்தான், சரிவும் பிழையில்லை. மன்னிக்க வேண்டும் ஐயா, காற்றுத்தான்.

வேறொரு பாஸ் வந்து பார்த்தார். ஒரு பக்கத்தை முழுக்கக் கழற்றி மறுபடி அடுக்க வேண்டும் என்கிறார். அவரிடம் நான் முதலில் கேட்டது காற்று எந்தப் பக்கம் என்றுதான். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அந்தப் பெடியனை வேலைக்குக் கூப்பிடலாம் என்று அம்மா சொல்கிறா. அவன் பெயரே நான் கேட்கவில்லை. என்னிடம் இருப்பது பழைய பாஸின் நம்பர், அது இரண்டு கிழமையாக வேலை செய்வதில்லை.