ஆடி மாதத்தில் யாரும் ஆர்டர் கொடுக்காத படங்கள்

கும்பகோணம் ஸ்டுடியோக்காரன்:

ஆடி பிறந்தாயிற்று. இனி ஒரு மாதம் கல்யாண ஆர்டர் கிடையாது, பாஸ்போர்ட் சைஸ்தான் கடையை ஓட்டும். இந்த ஒரு மாதம் எனக்காக மட்டும் படம் எடுப்பேன். நாலு வருடமாக நடக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும், எழுதுங்கள். முதலில் என் கதை.

தெருவில் கூவிக்கொண்டு வரும் தொழில்காரர்களை அவரவர் சாமானோடு ஒரே துணிக்கு முன்னால் நிறுத்தி எடுக்கிறேன். ஈயம் பூசுபவர், கோலமாவு விற்கிறவர், இப்படி. காடாத் துணியை இரண்டு அகலம் சேர்த்துத் தைத்து டீ டிகாஷனில் முக்கியெடுத்தேன். சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்தது, அதுவே அழகாகிவிட்டது. வடக்கு வெளிச்சம்தான் உத்தமம் என்று எங்கோ படித்ததை நம்பி முதல் வருடம் வடக்குச் சுவரில் கட்டினேன். ஆடியில் நம் ஊர் உச்சிச் சூரியன் வடக்கே அல்லவா சாய்ந்திருக்கிறது! பன்னிரண்டு மணிக்கு எல்லோர் மூக்குக்குக் கீழும் கறுப்பு மீசை. இப்போது தெற்குச் சுவர் நிழல், ஐம்பது எம்.எம். லென்ஸ், காற்றுக்குத் துணி பறக்காமல் அடியில் இரண்டு செங்கல்.

போன ஆடியில் 'அம்மி கொத்தலியோ, ஆட்டுக்கல் கொத்தலியோ' என்று ஒரு அம்மாள் போனார். புருவம் வரைக்கும் கல் தூசி. இந்தப் படம் கிடைத்தால் போதும் என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"எவ்வளவு கேப்பே?"

"நான்தாம்மா காசு தர்றேன்."

"எதுக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

மறுநாள் சொன்னபடி வந்தார். புதுப்புடவை, பவுடர், தலை நிறையப் பூ. சுத்தியலும் இல்லை, உளியும் இல்லை. எங்கே என்று கேட்டால், "அதைத்தான் தினம் பாக்குறேனே" என்றார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான், மறைப்பானேன். ஆதாருக்கு நிற்பதுபோல விறைப்பாக நின்றார். நான் போகஸ் பார்த்து முடிக்கும்வரை கண் அசையவே இல்லை. கடைசியில் அவரே கேட்டார்: "இப்பச் சிமிட்டலாமா?"

வாரம் கழித்து எட்டுக்குப் பன்னிரண்டு பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "லேமினேசன் பண்ணிக் குடு. மாலை போட மேலே எடம் விட்டிருக்கியா?" என்றார். தன் சாவுக்கு வேண்டிய படம் என்று முடிவு செய்துதான் வந்திருக்கிறார். விட்டிருந்த இடம் போதாது. தலைக்கு மேல் இன்னும் நாலு விரல் துணி தெரியும்படி மறுபடி பிரிண்ட் போட்டேன்.

என் வரிசையில் சாமான் இல்லாமல் நிற்பது அவர் ஒருவர்தான். சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் குழப்பம்.

பழைய ரோல்:

சேருங்கள் சார். அமெரிக்க போட்டோகிராபர் இர்விங் பென்னுக்கும் இதே கூத்து நடந்திருக்கிறது. 1950-இல் பாரிஸிலும் லண்டனிலும், அப்புறம் நியூயார்க்கிலும் தொழிலாளிகளை வேலை உடையில், கைச்சாமானோடு வரச்சொல்லி எடுத்தார். நியூயார்க்கில் சிலர் வேலை உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சவரம் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோட்டில் வந்து நின்றார்களாம். உங்கள் அம்மாளேதான்!

பென் குஸ்கோ என்ற மலை ஊரில் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். 1948 டிசம்பரில் வோக் பத்திரிகைக்கு பேஷன் படம் எடுக்கப் பெரு நாட்டுக்குப் போனவர், அந்த வேலை முடிந்ததும் ஊர் திரும்பவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் குஸ்கோவில் உள்ளூர் போட்டோகிராபர் ஒருவரின் ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். படம் பிடித்துக்கொள்ளக் காசோடு வந்த மலை ஜனங்களுக்கு இவர் காசு கொடுத்தார். அவர்களும் "எதுக்கு?" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

என் கதை சின்னது. ஒன்-ட்வென்டி என்கிற அகலமான பிலிம் ரோலில், பேருந்து நிலையத்தில் காத்திருப்பவர்களை எடுக்கிறேன். ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் ரோலுக்குப் பன்னிரண்டே படம். போன முறை கழுவக் கொடுத்த இடத்தில் மூன்று ரோலிலும் நெடுக ஒரே கீறல். கல்யாண ஆர்டராக இருந்தால் பார்ட்டி சட்டையைப் பிடித்திருப்பார். இதற்குக் கேட்க ஆள் இல்லை, நானே என் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

நெல்லைப் பொண்ணு:

எனக்குச் சோறு போடுவது கைக்குழந்தை போட்டோ. சொந்தமாக எடுப்பது, மூடிப்போன பழைய ஸ்டுடியோக்காரர்களை.

ஒரு பெரியவர் வீட்டில் திரைச்சீலையை இன்னும் சுருட்டி வைத்திருக்கிறார். அரண்மனைப் படிக்கட்டு, குளம், மேலே நிலா. அதை விரித்து அவரை முன்னால் உட்காரவைத்தேன். இரண்டு நிமிஷம் தாங்கவில்லை. எழுந்து என் பக்கம் வந்து கேமராவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "தாயி, தோளை இன்னும் கொஞ்சம் திருப்பச் சொல்லு" என்றார். யாரைத் திருப்பச் சொல்ல? நாற்காலி காலி! நாலு தடவை இப்படியே. கடைசியில் அந்தக் காலி நாற்காலியையும், ஓரத்தில் பாதி தெரிந்த அவர் முதுகையும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஆயுளுக்கும் ஊரையே எடுத்தவருக்குத் தன் படம் என்று வீட்டில் ஒன்றும் கிடையாது.

ஈரோட்டுத் தம்பி:

அண்ணா, ஒரு எச்சரிக்கை. நான் இஸ்திரி போடுகிற ஒருவரைக் கரிப்பெட்டியோடு எடுத்து, அவர் சரி என்றதும் இன்ஸ்டாகிராமில் போட்டேன். நல்ல பெயர் கிடைத்தது. பத்தாம் நாள் அவர் மகன் போன் செய்தார். சண்டை போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம், எடுத்துவிடுங்கள் என்றார். உடனே எடுத்துவிட்டேன். அந்தச் சரி படத்துக்குச் சொன்னது, ஊருக்குக் காட்டுவதற்கு அல்ல. இப்போது முதலில் பிரிண்ட் வீட்டுக்குப் போகும், வீட்டார் பார்த்த பிறகு கேட்டுவிட்டுத்தான் வெளியே போடுவேன்.

கும்பகோணம் ஸ்டுடியோக்காரன்:

தம்பி சொல்வது சரி. நானும் இதுவரை எடுத்தவர்களையெல்லாம் ஒருமுறை கேட்டுவிடுகிறேன். ரோல் சார், அந்த அம்மாளைச் சேர்த்துவிட்டேன்.

இன்று காலை சாணை பிடிக்கிறவர் மாட்டினார். சட்டையைக்கூட மாற்றவில்லை, ஆனால் சைக்கிளோடுதான் நிற்பேன் என்று ஒரே பிடி. சக்கரம் துணியைத் தாண்டி வெளியே நிற்கிறது. இன்னொரு அகலம் சேர்க்கத் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருக்கிறேன், பார்ப்போம்.