வாக்கர், ஃபுல்லர், டக்கர்: இந்தத் தொழிலுக்குத் தமிழில் என்ன பெயர்?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

ஆங்கிலக் குடும்பப் பெயர்களின் விளக்கப் பட்டியலில் ‘வாக்கர்’ பதிவு முடியாமல் நிற்கிறது. வரைவில் ‘நடப்பவர்’ என்று இருப்பதை எடுத்துவிட வேண்டும். பழைய ஆங்கிலத்தில் ‘வெயல்கன்’ என்ற வினைக்கு உருட்டுதல், புரட்டுதல் என்றுதான் பொருள். காலால் நடப்பது என்ற பொருள் இடைக்கால ஆங்கிலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த வினையடியில் பிறந்த ‘வெயல்கரே’ என்பவர், தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் இட்டு மிதித்துக் கெட்டிப்படுத்துகிறவர். ஜானி வாக்கர் விஸ்கிப் புட்டியில் தொப்பியும் கைத்தடியுமாக வீசி நடக்கும் ஆளை டாம் பிரௌன் 1908-இல் வரைந்தார். பெயரின் இன்றைய பொருளை வைத்து விளையாடிய படம் அது. அதைச் சான்றாகக் காட்ட வேண்டாம்.

இதே தொழிலுக்கு வட்டாரத்துக்கு ஒரு பெயர் இருந்தது. இங்கிலாந்தின் வடக்கிலும் மேற்கு மிட்லண்ட்ஸிலும் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். (சென்னைவாசிகள் சிரிக்க வேண்டாம், அந்த ‘டக்கர்’ வேறு.) ஃபுல்லர் லத்தீன் ‘ஃபுல்லோ’விலிருந்து வந்தது. டக்கர், வதைத்தல் என்ற பொருளுள்ள ‘டூகியன்’ என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. மூன்று பதிவிலும் ஒரே தமிழ்ச் சொல் நிற்க வேண்டும். வரைவிலோ ஃபுல்லருக்குச் ‘சலவையாளர்’ என்று இருக்கிறது.

என் முன்மொழிவு: தொழில் ‘துணிமிதிப்பு’, ஆள் ‘துணி மிதிப்பவர்’, ஆலை ‘மிதியாலை’.

மடல் 2

ஐயா, சலவை கூடாது என்பது சரி. ‘துணி’யும் கூடாது, கம்பளி என்றே இருக்க வேண்டும். காரணம் இழையிலேயே இருக்கிறது. ஆட்டு மயிரின் மேல் நுண்ணிய செதிள்கள் உண்டு. ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் சேரும்போது இழைகள் வேர்ப்பக்கமாகவே நகர்ந்து, செதிளோடு செதிள் மாட்டிக்கொள்ளும். பிறகு பிரியாது. பருத்தியில் செதிள் இல்லை. நாள் முழுக்க மிதித்தாலும் அழுக்குப் போகுமே தவிர இறுகாது. பருத்தி நெய்த நாட்டில் இந்தத் தொழிலுக்குத் தனிச்சொல் இல்லாமல் போனதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

வேலை நடந்த வரிசை இது. நூற்பதற்கு முன் கம்பளியில் எண்ணெயோ வெண்ணெயோ பூசுவார்கள், எனவே தறியிலிருந்து வரும் துணி பிசுபிசுப்பாகவும் சல்லடை போலவும் இருக்கும். முதலில் புளித்த சிறுநீர். அதிலுள்ள அம்மோனியா கொழுப்போடு சேர்ந்து சவர்க்காரம் போலாகி அழுக்கை விடுவிக்கும். அடுத்து எண்ணெயை உறிஞ்சும் களிமண். ஃபுல்லர் மண் என்றே ஆங்கிலத்தில் அதற்குப் பெயர். நம் கடைகளில் முகப்பூச்சுக்கு விற்கும் முல்தானி மட்டி அந்த வகைதான். அலசியபின் வெந்நீரும் சவர்க்காரமும் விட்டு மணிக்கணக்கில் மிதி. அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில வேளை அதற்கு மேலும் சுருங்கும். அந்தக் கணக்குக்குத்தான் தறியிலேயே அகலமாக நெய்வார்கள். பிறகு வெளியில் நீண்ட மரச்சட்டங்களில் கொக்கி மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள்.

கெடுவதும் இங்கேதான். அவ்வப்போது துணியை வெளியே எடுத்து உதறி வேறு மாதிரி மடிக்காவிட்டால், மடிப்பு விழுந்த இடம் அப்படியே இறுகி நிரந்தரக் கோடாகும். எண்ணெய் முழுக்க வெளியேறாமல் மிதித்தால் ஓரிடம் இறுகும், ஓரிடம் இறுகாது. சாயமும் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். மிதி மிஞ்சினால் துணி அட்டையாகிவிடும், திருத்த வழியில்லை. சட்டத்தில் அளவுக்கு மேல் இழுத்து நீளம் காட்டி விற்ற துணி, முதல் மழையில் சுருங்கி விற்றவனைக் காட்டிக்கொடுக்கும்.

‘மிதியாலை’யை ஏற்க முடியவில்லை. நீர்ச்சக்கரத்தால் ஓடும் ஆலையில் கால் எங்கே? சக்கரத்தின் அச்சிலுள்ள புடைப்புகள் கனமான இரண்டு மரச் சம்மட்டிகளை மாறி மாறித் தூக்கிவிடும், அவை தொட்டியில் விழும். இங்கிலாந்தில் இது பழைய செய்தி: டெம்ப்ளர் என்ற கிறித்தவப் போர்த்துறவியர் அமைப்பின் 1185-ஆம் ஆண்டுச் சொத்துக் கணக்கில் யார்க்‌ஷயரின் நியூஷமில் அப்படியோர் ஆலை இருக்கிறது. மேலும் மிதிவண்டி ஓட்டும் தமிழர் ‘மிதியாலை’ என்று படித்தால், காலால் கட்டையை மிதித்து ஓட்டும் ஆலை என்றுதான் நினைப்பார். விளைவை வைத்துப் பெயரிடலாம்: ‘செறிவித்தல்’.

மடல் 3

இரண்டு மடலும் கண்டேன்.

செறிவித்தல் வேண்டாம். ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்பதை நெசவுப் பாடங்களில் ‘நூல் செறிவு’ என்று எழுதுகிறோம், குழப்பும். ‘துவைத்தல்’ என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லையே என்று பார்த்தேன். மிதித்து உழக்குதல் என்ற பொருள் அதற்குப் பழையது. ஆனால் இன்று துவைக்கிறவர் என்றால் துணி வெளுக்கிறவர்தான், மீட்க முடியாது.

தமிழ் விவிலியத்தை வைத்து யாராவது கேள்வி எழுப்பும் முன் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஃபுல்லர் என்று வரும் இடங்களில் பழைய மொழிபெயர்ப்பு ‘வண்ணார் துறை’, ‘எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத’ என்று சொல்கிறது. அங்கே அது பொருத்தம். அங்கே பேச்சு வெளுப்பதைப் பற்றியது. ரோமானிய ஃபுல்லோவும் புதுத் துணியை முடிப்பதோடு உடுத்த துணியையும் வெளுத்துக் கொடுத்தார். இங்கிலாந்தில் குடும்பப் பெயர் நிலைபெற்ற காலத்து ஃபுல்லரோ முதன்மையாகப் புதுத் துணியின் ஆள். எனவே விவிலியச் சொல்லை இந்தப் பட்டியலுக்குள் கொண்டுவரக் கூடாது.

இன்னொன்று. பட்டியலின் தலைப்பில் இந்த வகைப் பெயர்களைத் ‘தொழிற்பெயர்’ என்று போட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் போன எவருக்கும் தொழிற்பெயர் என்றால் ‘நடத்தல்’, ‘ஆட்டம்’. வாக்கரை அதன் கீழ் வைத்தால் மறுபடி நடக்கவே போய்விடுவார். தொல்காப்பியப் பெயரியலில் ‘நிலப்பெயர் குடிப்பெயர் குழுவின் பெயரே / வினைப்பெயர் உடைப்பெயர் பண்புகொள் பெயரே’ என்று வருகிறது. வினைப்பெயருக்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டே தச்சன், கொல்லன். கார்ப்பென்டரும் ஸ்மித்தும் அப்படியே உட்காருகிறார்கள். ஊரால் வந்தவை நிலப்பெயர், பிரௌன், ஷார்ட் போன்றவை பண்புகொள் பெயர், ஜான்சன் வகை முறைப்பெயர். ஆயத்தமாக இருக்கும் வகைப்பாட்டை விட்டுப் புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

மடல் 4

அம்மா, வினைப்பெயரை மறுப்பில்லாமல் ஏற்கிறேன். தொழிலுக்கு ‘இறுக்கல்’ எப்படி? காலுக்கும் பொருந்தும், சம்மட்டிக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடியபடி கையால் அடித்துச் செய்தார்களே, அதற்கும் பொருந்தும். நெய்யாத மயிரை நேரே அமுக்கிச் செய்யும் ஃபெல்ட் வேறு பொருள். அதற்கு இந்தச் சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள்.

மடல் 5

சரி, ‘கம்பளி இறுக்கல்’, ‘கம்பளி இறுக்குநர்’, ‘கம்பளி இறுக்காலை’ என்று வைத்துக்கொள்வோம். ‘மிதித்து’ என்பது வாக்கர் பதிவில் மட்டும் வரும், ஏனென்றால் அந்தப் பெயர்தான் காலைக் காட்டுகிறது. திருத்திய பதிவு:

“வாக்கர்: வினைப்பெயர். கம்பளித் துணியை மிதித்து இறுக்குநர். வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் மிகுதி. ஒத்த பெயர்கள்: ஃபுல்லர், டக்கர். மூன்றிலும் பரவலானது வாக்கரே. இங்கிலாந்தில் முதல் 25 குடும்பப் பெயர்களுக்குள்ளும், அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் முதல் 35-க்குள்ளும் வருகிறது. சிலருக்கு நியூகாசிலை ஒட்டிய வாக்கர் என்ற ஊரால் வந்த நிலப்பெயராகவும் இருக்கலாம்.”

வேல்ஸ் ஊர்ப்பெயர்களுக்கும் இந்தச் சொல் உதவும். டோனிபாண்டியில் உள்ள ‘பாண்டி’ கம்பளி இறுக்காலைதான். ஷெர்மன் பதிவில் ‘ஆட்டு மயிர் கத்தரிப்பவர்’ என்றிருப்பதையும் பாருங்கள். அவர் பெரும்பாலும் இறுக்கிய துணியின் மேல் எழுப்பிய மயிரைச் சமமாக வெட்டியவர். எக்ஸிட்டரில் 1471-இல் எழுந்த டக்கர்ஸ் ஹால், நெசவாளர், இறுக்குநர், இந்த வெட்டுநர் மூவருக்கும் பொதுவான சங்கத்தின் மண்டபம். துணி இழுத்துக் கட்டும் சட்டத்துக்கு ‘இழுசட்டம்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். அதற்குத் தனி மடல்தொடர் தொடங்குங்கள், இதில் வேண்டாம்.