வாக்குத்தத்த அட்டையைப் பார்க்கவே மனம் கூசுகிறது. ஜெபிக்க முடியாத நாட்களில் என்ன செய்தீர்கள்?

கேள்வி:
என் தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வலப்பக்கம் செயலிழந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. அவரைக் கவனித்துக்கொள்வதற்காக நான் வேலையை விட்டுவிட்டேன். புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் வேதாகமத்தின் எரேமியா 29:11 வசனம் அச்சிடப்பட்டிருந்தது. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வசனத்தைப் பீரோக் கதவில் ஒட்டிவைத்தேன். இப்போது துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறேன். விசுவாசம் குறைவுபட்டதால்தான் சுகம் தாமதிக்கிறது என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொன்ன பிறகு அங்கே போவதையும் நிறுத்திவிட்டேன். முழங்காலில் நின்றாலும் வார்த்தை வருவதில்லை. இப்படிப்பட்ட காலத்தைக் கடந்தவர்கள், அப்போது எதைப் பற்றிக்கொண்டீர்கள் என்று சொல்ல முடியுமா?

பதில் 1:
சகோதரி, அந்த அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கிறது. அதற்கு முந்தைய வசனத்தையும் அச்சிட்டிருந்தால் ஒருவரும் ஆசையாக வாங்கிப் போயிருக்கமாட்டார்கள். அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய நிருபம். எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் திரும்பிவருவீர்கள் என்று 10ஆம் வசனம் சொல்கிறது. அதுவரை வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்பது 5ஆம் வசனம். சீக்கிரம் விடுதலை என்று சொல்லித் தேற்றியவர்களைத்தான் எரேமியா கள்ளத்தீர்க்கதரிசிகள் என்று கண்டித்தார். என் மனைவி நோயுற்றிருந்த மூன்று ஆண்டுகளில் இந்த அதிகாரத்தை முழுவதுமாக வாசித்த பிறகுதான், சுகம் வரவில்லையே என்பதை என் விசுவாசத்துக்குப் போடப்பட்ட மதிப்பெண்ணாக எண்ணுவதை விட்டேன்.

வார்த்தை வராத நாட்களில் 13ஆம் சங்கீதத்தையும் 88ஆம் சங்கீதத்தையும் சத்தமாக வாசியுங்கள். முதலாவது, எதுவரைக்கும் என்று கர்த்தரிடமே திரும்பத்திரும்பக் கேட்கிறது. இரண்டாவது, ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லாமலே முடிந்துபோகிறது. அப்படி இருந்தும் அதை வேதத்திலிருந்து ஒருவரும் நீக்கவில்லை என்பது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

பதில் 2:
நான் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவள், செவிலியராகப் பணிசெய்கிறேன். நீங்கள் ஜெபத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள்; நான் தூக்கத்தைப் பற்றிக் கேட்கிறேன். இரவில் தகப்பனாரைப் புரட்டிப் படுக்கவைக்க எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்? எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்தபோது தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. அவர் சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார், மறுபடியும் சாப்பிட்டார். ஆகவே சபையாரிடம் ஜெபியுங்கள் என்று மட்டும் கேட்காமல், ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம் அப்பாவுடன் யாராவது இருக்க முடியுமா என்று கேளுங்கள்.

பதில் 3:
விசுவாசக் குறைவு என்று சொன்னவருக்குத் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரை நினைவூட்டலாம். அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் பள்ளத்தில் விழுந்து அடிபட்டார். 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்து, அங்கிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று திருநெல்வேலிச் சீமையில் ஒருவர்கூடச் சொல்லத் துணியமாட்டார்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நேற்றிரவு அப்பாவின் கட்டிலருகே 88ஆம் சங்கீதத்தை வாசித்தேன். முடிந்ததும், இன்னொரு தடவை வாசி என்று இடக்கையால் சைகை காட்டினார். அட்டையை இன்னும் கழற்றவில்லை. அதன் கீழே பென்சிலால் 5, 10 என்று இரண்டு எண்களை மட்டும் எழுதிவைத்திருக்கிறேன். ஞாயிறு மதியம் வருவதாகப் பக்கத்துத் தெரு சித்தி சொல்லியிருக்கிறார்கள். அந்த மூன்று மணி நேரமும் தூங்கப்போகிறேன்.