ஒரு கோடா, ரெண்டு கோடா? வீட்டிலேயே கொரோனா டெஸ்ட் செய்த கதைகள்

குரோம்பேட்டை வாசி:

2022 பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு என் மனைவிக்குத் தொண்டையில் கரகரப்பு. ஒமிக்ரான் தெருத்தெருவாகப் புகுந்துகொண்டிருந்த நேரம். இரவு ஊரடங்கு, ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. வீட்டில் அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை வேறு. லேபுக்குப் போய் வரிசையில் நிற்பானேன் என்று மருந்துக்கடையில் 250 ரூபாய்க்கு ஒரு கிட் வாங்கி வந்தேன்.

தாளில் இருந்த படங்களைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தோம். மூக்கின் இரண்டு பக்கமும் குச்சியை விட்டு ஐந்து சுற்று, குழாயில் போட்டுப் பத்து சுற்று, குச்சியை ஒடித்து மூடி, அட்டையில் இரண்டு சொட்டு. ஈரம் மெல்ல ஏறி 'சி' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. எட்டிப் பார்த்த அம்மா, "'சி'ன்னா கொரோனாதானேடா? வந்துடுச்சா?" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா, அது கன்ட்ரோல், 'டி'தான் டெஸ்ட், அங்கே கோடு விழுந்தால்தான் கொரோனா என்று புரியவைப்பதற்குள் பதினைந்து நிமிடம் ஓடிவிட்டது. டி பக்கம் ஒன்றும் இல்லை.

அப்பாடா என்று முகக்கவசத்தைக் கழற்றினோம். வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்தோம், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சனிக்கிழமை காலை மனைவிக்கு உடம்பு வலி, காய்ச்சல். ஓடிப்போய் இன்னொரு கிட் வாங்கினேன். இந்த முறை டி பக்கம் ஏதோ இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன், "ஒண்ணும் இல்ல மாமா" என்றான். மனைவிதான் கடைசியில், "மூன்றாம் பிறை தேடுற மாதிரி என்ன பார்வை? கோடு இருக்கு. அம்மாவ உள்ள ரூமுக்குப் போகச் சொல்லுங்க" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். ஆனால் திங்கட்கிழமை அம்மாவுக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. இரண்டு தவணை தடுப்பூசி போட்டிருந்ததால் ஐந்தாறு நாளில் எழுந்து நடமாடினார். ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டைவிட அவர் பட்டது குறைவு.

எனக்கு உறுத்துவது முதல் டெஸ்ட்தான். அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் லேபில் ஆர்டிபிசிஆர் டெஸ்ட் எடுக்க வேண்டும், அதுவரை தனியாக இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2021 மே மாதமே சொல்லியிருக்கிறது. படங்களை மட்டும் பார்த்த அவசரத்தில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

மதுரை லேப்காரர்:

நான் லேப் டெக்னீஷியன். ஐயா சொன்ன கதையை ஒரு நூறு பேராவது என்னிடம் சொல்லியிருப்பார்கள். கிட்டைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ஆர்டிபிசிஆர் இருக்கிற கொஞ்சம் வைரஸையும் பெருக்கிப் பெருக்கிப் பார்க்கிறது. இந்த அட்டை பெருக்குவது கிடையாது. மூக்கிலிருந்து வந்த வைரஸ் புரதம் போதுமான அளவு இருந்தால் டி கோட்டில் ஒட்டும், நிறம் தெரியும். தொண்டை கரகரத்த முதல் நாளில் மூக்கில் அந்த அளவு சேர்ந்திருக்காமல் போகலாம். ஒன்றிரண்டு நாள் கழித்துத் திரும்பச் செய்யச் சொல்வது அதனால்தான்.

பலருக்கும் தெரியாத ஒன்று. சி கோடு வந்துவிட்டால் டெஸ்ட் சரியாகச் செய்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான கிட்டுகளில் அது சொல்வது திரவம் கடைசி வரை ஓடியது, பட்டை வேலை செய்கிறது என்பதை மட்டும்தான். குச்சியை மூக்கில் விடவே இல்லை, வெறும் குழாய்த் திரவத்தை இரண்டு சொட்டு விட்டீர்கள் என்றாலும் சி கோடு ஜம்மென்று வரும். நுனி மூக்கைத் தடவிவிட்டு நெகட்டிவ் என்று சந்தோஷப்பட்டவர்கள் எத்தனை பேர்! சி கோடே வரவில்லை என்றால் டியில் என்ன தெரிந்தாலும் அந்த அட்டை செல்லாது.

இன்னொன்று, கிட்டை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. நம் ஊர் மே மாதத்தில் வண்டி டிக்கியில் வைத்துவிட்டு மறந்தால் அவ்வளவுதான். சிலர் பயந்துபோய் ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். வைக்கலாம், ஆனால் வெளியே எடுத்துக் குளிர்ச்சி போன பிறகு செய்யுங்கள்.

தேக்கா அக்கா:

இங்கே சிங்கப்பூரில் இதை ஏஆர்டி என்போம். 2021 அக்டோபரிலிருந்து வீட்டுக்குப் பத்து கிட் தபாலில் வந்தது. பாசிட்டிவ் வந்து உடம்பு நன்றாக இருந்தால் 72 மணி நேரம் தனியாக இருந்துவிட்டு, அப்புறம் நெகட்டிவ் வந்தால் வெளியே போகலாம் என்பது அப்போதைய விதி. எனக்கு நான்காம் நாளும் இரண்டு கோடு, ஐந்தாம் நாளும் இரண்டு கோடு. நாளுக்கு நாள் டி வெளுத்துக்கொண்டே போனது. ஏழாம் நாள்தான் ஒற்றைக் கோடு. அட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்தபோது பழைய சேலை சாயம் போவது போல இருந்தது.

எங்கள் வீட்டுக் கலாட்டா வேறு. கணவர் நெகட்டிவ் பார்த்துவிட்டு அட்டையை மேசையிலேயே போட்டுவிட்டு மார்க்கெட் போய்விட்டார். இரண்டு மணி நேரம் கழித்து மாமியார் பார்த்தால் டி பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல்! உடனே அவருக்கு போன், "மீன் வாங்காதே, வீட்டுக்கு வா." காய்ந்த பிறகு அப்படி நிழல் விழுவது உண்டு, அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, தாளில் போட்டிருக்கிற நேரத்துக்குள் பார்த்ததுதான் கணக்கு என்று எடுத்துச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை. மனிதர் மூன்று நாள் வரவேற்பறையில் படுத்தார். அதற்கப்புறம் நேரம் முடிந்ததும் அட்டை நேராகக் குப்பைப் பைக்குத்தான்.

லண்டன் அப்பா:

2021இல் இங்கே மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வாரம் இரண்டு முறை வீட்டில் டெஸ்ட் செய்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள். என் மகனுக்குக் கணக்குத் தேர்வு அன்று காலை பளிச்சென்று இரண்டு கோடு. மூக்கு ஒழுகவில்லை, காய்ச்சல் இல்லை, பையன் இரண்டு தட்டு உப்புமா சாப்பிடுகிறான். பிசிஆர் எடுத்தால் நெகட்டிவ். அப்புறம்தான் விசாரித்தேன், அட்டையில் விட்டது ஆரஞ்சு ஜூஸ்! புளிப்பு பட்டால் பட்டையில் வைரஸைப் பிடிக்க வைத்திருக்கும் எதிர்ப்புரதங்கள் கெட்டுப்போய் பொய்க் கோடு விழுமாம். வகுப்பில் பாதிப் பேருக்கு இந்த வித்தை தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

திண்டுக்கல் தம்பி:

எனக்கு ஒரு சந்தேகம். கொரோனா தடுப்பூசி போட்ட மறுநாள் டெஸ்ட் செய்தால் பாசிட்டிவ் வருமா? எங்க அப்பா இதையே சொல்லி டெஸ்ட் செய்ய மறுக்கிறார்.

மதுரை லேப்காரர்:

வராது தம்பி. ஊசி போட்டது கையில், இந்த டெஸ்ட் தேடுவது மூக்கில் இருக்கிற வைரஸின் புரதத்தை. ஊசி போட்ட மறுநாள் பாசிட்டிவ் வந்தால் தொற்று ஏற்கனவே இருந்திருக்கிறது என்று அர்த்தம். அப்பாவை எப்படியாவது செய்ய வையுங்கள்.

குரோம்பேட்டை வாசி:

லேப்காரர் ஐயா, அந்த முதல் டெஸ்டில் குச்சியை எவ்வளவு தூரம் விட்டாய் என்று இப்போதுதான் மனைவியிடம் கேட்டேன். "கூசிச்சு, சும்மா வாசல்லயே சுத்தினேன்" என்கிறாள்.